டெக்சாஸில் ஓட்டுரிமை யார் யாருக்கு? நாமே கணக்கிடலாம்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெக்சாஸின் மக்கள்தொகை 2,91,45,505. அதில் ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) 39.3 சதவீதம், ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 39.7 சதவீதம். இதைப் பார்த்த கையோடு ‘ஓட்டிலும் இரு தரப்பும் சமம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்களில் ஹிஸ்பானியரின் பங்கு 2018 தரவுப்படி சுமார் 30 சதவீதம்தான். மீதி எங்கே போயிற்று? கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: சரியான தரவை எடுங்கள்

2020 கணக்கெடுப்பு வேண்டாம். அதில் குடியுரிமைக் கேள்வியே இல்லை. சேர்க்க நடந்த முயற்சி 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தடைபட்டது. அதே கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’யில் அந்தக் கேள்வி உண்டு. அதன் ஐந்தாண்டுத் தொகுப்பை எடுங்கள்.

படி 2: அட்டவணையைத் தேடுங்கள்

துறையின் தரவுத் தளத்தில் பி05003 (B05003) என்று தேடி, டெக்சாஸைத் தேர்ந்தெடுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் அது ஒரு பிரிவினரின் அட்டவணை: ‘ஐ’ (I) ஹிஸ்பானியர், ‘எச்’ (H) ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர், ‘பி’ (B) கறுப்பினத்தவர், ‘டி’ (D) ஆசியர்.

முதல் தடவை நான் ‘எச்’சுக்குப் பதிலாக ‘ஏ’யை எடுத்தேன். எல்லாப் பிரிவுகளின் பங்கையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டிக்கொண்டு போயிற்று! ‘ஏ’யில் தங்களை வெள்ளையர் என்று குறித்த ஹிஸ்பானியரும் அடக்கம். அந்த ஆய்வில் இனம் ஒரு கேள்வி, ஹிஸ்பானியரா என்பது தனிக் கேள்வி. ‘பி’, ‘டி’ அட்டவணைகளிலும் இந்த இரட்டை எண்ணிக்கை கொஞ்சம் உண்டு.

படி 3: நான்கு வரிகளைக் கூட்டுங்கள்

ஆண்கள் பகுதியில் ‘18 வயதும் அதற்கு மேலும்’ என்பதன் கீழ் இரண்டு வரிகள்: பிறப்பால் குடிமக்கள், பின்னர் குடியுரிமை பெற்றவர்கள். பெண்கள் பகுதியிலும் அதே இரண்டு. நான்கையும் கூட்டுங்கள். ‘குடிமகன் அல்லர்’ என்ற வரியைத் தொடாதீர்கள். எச்1பி விசாவில் டல்லாஸில் இருக்கும் நம் ஊர்ப் பொறியாளர் அந்த வரியில்தான் இருக்கிறார். அங்கேயே பிறந்த அவர் மகள் 18 வயதானதும் நம் கணக்குக்குள் வந்துவிடுவாள். ஹிஸ்பானியர் பங்கு சுருங்குவதும் இப்படித்தான்: அவர்களில் சிறுவர் அதிகம், குடியுரிமை இல்லாதவரும் அதிகம்.

படி 4: வகுங்கள்

எழுத்து ஒட்டாத பி05003இலும் அதே நான்கு வரிகளைக் கூட்டுங்கள். பிரிவின் தொகையை இதனால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம்.

படி 5: பிழை வரம்பைப் பாருங்கள்

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறியுடன் இன்னோர் எண் இருக்கும்; அதுதான் பிழை வரம்பு. நான்கின் பிழை வரம்புகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். மாநில அளவில் இது சிறிதாகவே இருக்கும். சின்னஞ்சிறு கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பகுதி) போனால் கணக்கையே கவிழ்த்துவிடும்.

கடுங்குற்றத்துக்காகச் சிறைத் தண்டனையிலோ பரோலிலோ இருப்பவர்களுக்கு டெக்சாஸில் ஓட்டில்லை; இந்தக் கணக்கு அவர்களைக் கழிப்பதில்லை. ஆகவே கட்டுரையில் ‘18 வயது நிறைந்த குடிமக்கள்’ என்றே எழுதுங்கள், ‘வாக்காளர்கள்’ என்று எழுத வேண்டாம்.