வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒன்றாகப் போகாமல் தடுத்தது

திருவாரூர் பக்கம் நடவு, அறுப்புக் காலத்தில் இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கேட்டு வருபவர்களில் பலர் ஏற்கெனவே பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறவர்கள். சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் கிரியேட்டினின் (சிறுநீரகம் தடுமாறுவதைக் காட்டும் ரத்தக் கழிவு) சட்டென்று ஏறிவிடும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் டைக்ளோஃபெனாக் எழுதப்பட்ட 50 மருந்துச் சீட்டுகளை மருந்தாளுநர் பிரித்தெடுப்பார். சீட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது, சீட்டில் அதன் பெயரே இருக்காது. அந்தத் திட்டத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் மருந்துகளின் மோதல் பிடிபடும்.

“வலி மாத்திரையைக் குறையுங்கள்” என்ற பொதுச் சுற்றறிக்கையால் பலன் இல்லை. ஒவ்வொரு மருத்துவருக்கும் அவரவர் நோயாளிகளின் பட்டியலைத் தனியாகக் கொடுத்தோம்: யாரைத் திரும்ப அழைப்பது, எதை நிறுத்துவது, யாருக்குக் கிரியேட்டினின் பார்ப்பது என்று. மாற்றாக பாராசிட்டமால் 500 மி.கி. (கல்லீரல் கோளாறு இல்லாதவர்களுக்கு நாளைக்கு 3 கிராமுக்குள்), மேல்பூச்சு ஜெல். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவே கூடாது. மருத்துவர் கூசிப்போவார், நோயாளியின் அந்தரங்கமும் போகும்.

இன்னொரு ஓட்டை மெடிக்கல் ஷாப். இங்கே எழுதாவிட்டால் அங்கே வாங்கிக்கொள்வார்கள். அதனால் மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரே “வலிக்கு ஏதாவது போடுறீங்களாம்மா?” என்று கேட்டுக் குறித்துவருகிறார்.