காரனோடைப் பாலத்தில் நாம் செய்யும் தவறுகள்

தேசிய நெடுஞ்சாலை 16 என்றால் வடசென்னையில் பாதிப் பேருக்குப் புரியாது. ஜி.என்.டி. ரோடு என்றால் உடனே தெரியும். மாதவரம், புழல், செங்குன்றம், சோழவரம் தாண்டி, காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து, கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திராவுக்குள் போகிறதே, அந்தச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், ஆந்திராவிலிருந்து வரும் சரக்கு லாரி, சிப்காட் கம்பெனி பஸ், பைக்கில் ஷிப்டுக்கு ஓடுகிற என்னைப் போன்றவர்கள் என்று எல்லோரும் அந்தப் பாலத்தில்தான் ஏறி இறங்குகிறோம். தினமும் போய்ப் போய், அதைப் பாலம் என்றே நினைப்பதில்லை. சாலையின் ஒரு துண்டு, அவ்வளவுதான். தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. சாலையில் ஏதாவது ஆனால் மண்ணில் இறங்கி ஒதுங்கலாம். பாலத்தில் ஒரு பக்கம் கைப்பிடிச்சுவர், மறுபக்கம் லாரி.

முதல் தவறு நிற்பது. இதை நானே செய்திருக்கிறேன். ஒரு முறை பாலத்தின் நடுவில் பைக்கின் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. புத்திசாலித்தனமாக ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, குனிந்து ஆணியைத் தேடினேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒடித்துப் போனது. பாலம் முடிந்ததும் டீக்கடையில் அதே டிரைவர் நின்றிருந்தார். "தம்பி, எண்பதுல வர்றேன். நீ உட்கார்ந்திருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? டயர் போனா போவுது, உருட்டிக்கிட்டே எறங்கிடு" என்றார். அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் நகர்ந்துவிடும். டிரைவர் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கே ஒரு விநாடி ஆகும். சுமை ஏற்றிய டிரெய்லர் அதற்கப்புறம்தான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். பஞ்சரான டயர் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டு பாலத்தைவிட்டு இறங்கிவிடுங்கள்.

கார் அசையவே மறுத்தால் ஹசார்டு விளக்கைப் போட்டு, உள்ளே இருப்பவர்களை இறக்கி, கைப்பிடிச்சுவரை ஒட்டியபடி வண்டிகள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே பாலத்தின் முனைக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். வண்டிக்குப் பின்னால் கூடி நின்று போன் பேசக் கூடாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அடிபட்டிருந்தால் 108. லாரி நின்றுபோனால் நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு முக்கோணம் இருக்காது, அதனால் மரக்கிளையை ஒடித்துப் பின்னால் செருகி, சாலையில் நாலு கல்லை வரிசையாக வைப்பார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் வண்டி சரியானதும் லாரி போய்விடும், கற்கள் அங்கேயே கிடக்கும். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற பைக்காரருக்கு எமன் அந்தக் கல்தான்.

நிற்பதற்கு இன்னொரு காரணம் பக்தி. பழைய சாமி படம், காய்ந்த மாலை, திவசப் பொருள் எல்லாவற்றையும் பையோடு ஆற்றில் போட பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துகிறார்கள். வருடத்தில் பல மாதம் கீழே மணலும் புதரும்தான், தண்ணீர் கிடையாது. பை அப்படியே கிடக்கும். சுவரில் பட்டு மேலேயே விழுகிற குப்பை, மழைநீர் வடிகிற துளையை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு மழைக்கே ஓரத்தில் தண்ணீர் தேங்கும், அதில் வேகமாக ஏறும் வண்டி வழுக்கும். படங்களை வேறு எங்காவது சேர்த்துவிடலாமே, சாமி கோபித்துக்கொள்ளாது.

ராங் சைடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆறு வரும் இடத்தில் சர்வீஸ் ரோடு பெரும்பாலும் முடிந்துவிடும், யு டர்ன் தூரம். "அந்தப் பக்கம்தான் வீடு, ரெண்டே நிமிஷம்" என்று எதிர்த்து ஏறுகிறார்கள். சாலையில் எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்கலாம், இங்கே எங்கே இறங்குவது?

பைக்காரர்கள் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் ஒரு தவறு உண்டு: இடது ஓரத்தோடு ஓரமாகப் போவது. டிப்பர்களிலிருந்து சிந்துகிற மணலும் ஜல்லியும் அங்கேதான் சேரும். அதில் பிரேக் பிடித்தால் சக்கரம் போய்விடும். இடது தடத்தின் நடுவில் போங்கள். கன்டெய்னரின் இடப்பக்கம் முந்தவே முந்தாதீர்கள். உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் இடது சக்கரத்தருகே இருக்கும் பைக் தெரியாது. அவருடைய கண்ணாடியை உங்களால் பார்க்க முடியவில்லை என்றால், உங்களையும் அவரால் பார்க்க முடியாது. பெரிய லாரி உங்களைக் கடந்து போகிற நொடியில் காற்றுத் தடுப்பு சட்டென்று விலகும், ஆற்றுக் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டிய இடம் அது.

"தடக், தடக்" என்று சத்தம் வருகிறதே, அந்த ஜாயின்ட் பாலத்தின் கோளாறு இல்லை. வெயிலில் கான்கிரீட் நீளும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு தளம், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். அதற்காக விட்ட இடைவெளிதான் ஜாயின்ட். மழையில் அதன் இரும்பு விளிம்பு வழுக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம். அதன்மேல் ஏறும்போது பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல், நேராகக் கடந்துவிட வேண்டும்.

டிராபிக்கில் நிற்கும்போது பாலம் அதிர்வதை உணர்ந்து பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தூணுக்கும் தளத்துக்கும் நடுவே ரப்பர் திண்டு வைத்திருப்பார்கள், தளமும் பாரத்துக்கேற்பச் சற்று வளைந்து நிமிரும்படிதான் கட்டப்படுகிறது. லேசாக அதிர்வது இயல்பு. பயப்பட வேண்டியது மேலே அல்ல, கீழே.

அதாவது வெள்ளத்தில். கொசஸ்தலையில் தண்ணீர் வருவதைப் பூண்டி நீர்த்தேக்கத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். 1944-இல் கட்டியது, முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நிரம்பும் நேரத்தில் மதகைத் திறந்தால் தண்ணீர் காரனோடை, சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், மணலி புதுநகர் பக்கமாக எண்ணூரில் கடலுக்குப் போகும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது இந்தத் தண்ணீர்தான். அந்த நாட்களில் பாலத்தில் திருவிழாக் கூட்டம். இடுப்பில் குழந்தை, கையில் போன், பாதி சாலையில் நிற்கும் பைக்குகள். மழையில் கண்ணாடி மங்கி வருகிற லாரி டிரைவர் அவர்களை எதிர்பார்க்கமாட்டார். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் வண்டியைப் பாலத்துக்கு முன்பே விட்டுவிட்டு, சாலையைவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். நானும் பார்ப்பேன், ஆசை இருக்கத்தான் செய்யும்.

தண்ணீர் வடிந்ததும் "தப்பிச்சோம்" என்று நினைப்பதும் தவறு. வேகமாக ஓடும் வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமணலைத் தோண்டிவிடும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது விழும் பள்ளம், தண்ணீர் குறையக் குறையப் புது மணலால் மூடிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் எதுவும் நடக்காதது போலிருக்கும், ஆனால் அந்த மணலுக்குப் பிடிப்பு கிடையாது. தளம் ஓரிடத்தில் இறங்கியிருப்பது, ஜாயின்டில் ஒரு பக்கம் உயர்ந்து நிற்பது, கைப்பிடிச்சுவர் கோடு நேராக இல்லாமல் வளைவது போன்றவை கண்ணில் பட்டால் அசட்டையாகப் போகாமல் 1033-க்குச் சொல்லுங்கள். தூணுக்குப் பக்கத்தில் மணல் அள்ளுவதைப் பார்த்தாலும் அப்படித்தான், போலீசுக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ சொல்ல வேண்டும்.

பாலத்தில் நெரிசல் என்று தரைப்பாலம் வழியாகச் சுற்றிப் போவது எல்லாவற்றிலும் மோசமானது. இரண்டடி ஓடும் தண்ணீர் காரையே மிதக்கவைத்துத் தள்ளிவிடும். முந்தாநாள் இருந்த சாலை தண்ணீருக்கடியில் இன்றும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, வாட்ஸ்அப் தவறு. "பிச்சாட்டூர் அணை திறந்துட்டாங்க, காரனோடைப் பக்கம் போகாதீங்க" என்று ஒவ்வொரு மழைக்கும் சுற்றும். பிச்சாட்டூர் தண்ணீர் ஆரணியாற்றில் வருவது. அது ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும். இதே நெடுஞ்சாலை அந்த ஆற்றையும் கடக்கிறது, ஆனால் இன்னும் வடக்கே. கொசஸ்தலைக்கு ஆந்திராவிலிருந்து வருவது அம்மபள்ளி அணைத் தண்ணீர், அதுவும் பூண்டிக்கு வந்துதான் நம்மிடம் வரும். அதனால் காரனோடை வழியாகப் போகிறவர்கள் செய்தியில் பூண்டி என்ற பெயரையும், எத்தனை கன அடி என்ற எண்ணையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.