ரெய்டு 5 படுத்துவிட்டதா? 'ரீபில்ட்' பட்டனைத் தொடாதீர்கள்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக இயக்கும் ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவதும் போனால் மொத்தமும் நின்றுவிடும். அந்தப் பதற்றத்தில் 'ரீபில்ட்', 'இனிஷியலைஸ்' என்று எதையும் அழுத்திவிடாதீர்கள். பல நேரம் தரவு அப்படியேதான் இருக்கும். அதை அழிப்பது நம் அவசரம்தான்.

மெஷினை அணைத்து, கழற்றும் முன்பே எந்த டிஸ்க் எந்த ஸ்லாட் என்று மார்க்கரால் எழுதி வையுங்கள்.

அப்புறம், லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் புது டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட செக்டர்களைப் பிறகு முயலும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டக் டக்கென்று சத்தம் போடும் டிஸ்க்கை மட்டும் ஓட்டவே வேண்டாம், அது ஆய்வகத்துக்குப் போக வேண்டிய கேஸ்.

லினக்ஸ் மென்பொருள் ரெய்டு என்றால், அதை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) கருவியின் 'எக்ஸாமின்' கட்டளை காட்டும் ஈவென்ட் எண்களை (ரெய்டில் நடந்த மாற்றங்களின் எண்ணிக்கை) ஒப்பிடுங்கள். முதலில் விழுந்த டிஸ்க்கின் எண் பின்தங்கியிருக்கும். அதை விட்டுவிட்டு, மற்றவற்றின் நகல்களை 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்' கொடுத்துச் சேருங்கள். ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து கோப்புகளை வெளியே எடுங்கள். 'கிரியேட்' கட்டளை பக்கம் போகவே வேண்டாம். பழைய அமைப்பு விவரத்தின் மேலேயே அது புதிதாக எழுதிவிடும்.