செக்-இன் லக்கேஜில் துப்பாக்கி: விதிப்படி செய்தும் மாட்டிக்கொள்ள வைக்கும் தவறுகள்

அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேட்டைக்காரர்களும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்களும் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும், வளையாத கெட்டிப் பெட்டியில் பூட்ட வேண்டும், விமான நிறுவனக் கவுண்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், செக்-இன் லக்கேஜாக ஒப்படைக்க வேண்டும். இந்த நாலையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கே கைவிலங்கு மாட்டிய சம்பவங்கள் உண்டு. விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் டி.எஸ்.ஏ.வின் விதி, பெட்டி விமானத்தில் ஏறுவதைப் பற்றியது. விமானம் எந்த மாநிலத்தில் இறங்குகிறது, இறங்கிய பின் பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தந்த மாநிலச் சட்டத்தின் பாடு. டி.எஸ்.ஏ. விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட இந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை.

நியூவார்க் வழக்கு ஒன்று இதை நன்றாகக் காட்டும். 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள நியூவார்க் வழியாகப் பென்சில்வேனியாவில் உள்ள ஆலன்டவுனுக்குக் கிளம்பினார். கைத்துப்பாக்கியை முறையாக அறிவித்து, பூட்டி, ஒப்படைத்திருந்தார். நியூவார்க்கில் அடுத்த விமானம் தவறிப்போனது. பெட்டி அவர் கைக்கு வந்தது. அதோடு பக்கத்து ஹோட்டலில் ராத்தங்கினார். மறுநாள் திரும்பி வந்து, கவுண்டரில் தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். அங்கேயே கைது செய்தார்கள். நியூ ஜெர்சியில் அந்த மாநில அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கியோடு நடமாடுவது குற்றம். வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் தொடுத்த வழக்கு 2010-ல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

அவர் நம்பியிருந்தது 1986-ல் வந்த மத்திய சட்டம் ஒன்றை. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால், வழியில் உள்ள மாநிலங்களில் தொல்லை இல்லாமல் கடந்து போகலாம் என்கிறது அது. நிபந்தனை என்னவென்றால் துப்பாக்கி லோடு ஆகியிருக்கக் கூடாது, சட்டென்று கைக்கு எட்டும் நிலையிலும் இருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஹோட்டலில் பெட்டி அவரிடமே இருந்ததே, அது கைக்கு எட்டும் நிலைதானே என்று கேட்டது நீதிமன்றம். பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே விமான நிலையப் போலீஸிடமோ ஊழியர்களிடமோ நிலைமையைச் சொல்லி, இரவு அவர்களே வைத்திருக்கும்படி கேட்டிருக்கலாம் என்றும் தீர்ப்பில் எழுதியது. அலுத்துப்போய் நிற்கும் பயணிக்கு அந்த நேரத்தில் இது தோன்றுமா என்பது வேறு விஷயம். சட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

ஆகவே கன்வேயர் பெல்ட்டில் பெட்டி வருகிறதே என்று அனிச்சையாக எடுப்பதுதான் முதல் தவறு. நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற கெடுபிடியான மாநிலங்களில் மாட்டிக்கொண்டால் பெட்டியைத் தொடாதீர்கள். அடுத்த விமானத்துக்கே அனுப்பும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாது என்றால் போலீஸை அணுகுங்கள், பெட்டி உங்கள் கையில் இல்லாதபோதே. இதைவிட நல்லது, டிக்கெட் போடும்போதே நேரடி விமானம் பார்ப்பது. நூறு டாலர் மிச்சம் பிடிக்க இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டி வரும். துப்பாக்கி இருக்கும் பயணத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

நியூயார்க்கில் நடப்பது இன்னொரு வகை. சொந்த மாநிலத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கொண்டுவருகிறார்கள். வரும்போது ஒன்றும் நடக்காது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. திரும்பும்போது அங்குள்ள லகார்டியா, ஜே.எஃப்.கே. விமான நிலையங்களில் கவுண்டரில் அறிவித்த உடனே போலீஸ் வருகிறது. நியூயார்க் வழிப்பாதையாக இல்லாமல் போய்ச் சேர்ந்த இடமாகவே ஆகிவிட்டதால் 1986 சட்டமும் உதவிக்கு வராது. ஒரு மாநில உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விமான நிறுவனம் பெட்டியை ஏற்றிக்கொண்டது என்பதால் போகிற ஊரில் அனுமதி இருக்கிறது என்று நினைப்பது பலருக்கும் இருக்கும் மயக்கம்.

பெட்டியும் பூட்டும்

துப்பாக்கி வாங்கும்போது கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியிலேயே கொண்டுபோகிறவர்கள் நிறைய. அது விமானப் பயணத்துக்குப் போதாமல் போகலாம் என்று டி.எஸ்.ஏ.வே எச்சரிக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெட்டியில் இரண்டு பூட்டுத் துளை இருந்தால் ஒன்றில் மட்டும் பூட்டுங்கள். எதிர்மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தால், அந்த வழியாகக் கைத்துப்பாக்கியை வெளியே உருவ ஒரு நிமிஷம் போதும். எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையிலும் பூட்டுப் போடுங்கள்.

பூட்டு வாங்குவதில் ஒரு குழப்பம் உண்டு. பயணப் பூட்டு என்றால் அதிகாரிகள் தங்கள் பொதுச்சாவியால் திறக்கக்கூடிய டி.எஸ்.ஏ. பூட்டுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. எந்தப் பூட்டையும் போடலாம் என்று சொல்லும் டி.எஸ்.ஏ., தங்கள் பூட்டையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. இருந்தாலும் நான் அதைப் போடமாட்டேன். அந்தப் பொதுச்சாவிகளின் படம் இணையத்தில் கசிந்து, 2015-லேயே முப்பரிமாண அச்சில் நகலெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியே உள்ள சூட்கேஸுக்கு டி.எஸ்.ஏ. பூட்டு இருக்கட்டும். உள்ளே துப்பாக்கி இருக்கும் பெட்டிக்கு நல்ல கனமான சாதாரணப் பூட்டு.

சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், நீங்களும் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள். பெட்டியைக் கொடுத்த கையோடு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி காபி குடிக்கப் போய்விட்டால், ஆளைத் தேடுவதற்குள் விமானம் கிளம்பிவிடும். பெட்டி தேறிவிட்டதா என்று கவுண்டரில் கேட்டு உறுதிசெய்துகொண்டு நகருங்கள்.

கவுண்டரில் என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். "என்கிட்ட துப்பாக்கி இருக்கு" என்று ஆரம்பித்தால் பின்னால் நிற்கும் வரிசையே பதறிப்போகும். "செக்-இன் லக்கேஜில் தோட்டா இல்லாத துப்பாக்கி ஒன்றை அறிவிக்க வேண்டும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஊழியர் கேட்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். கையெழுத்துப் போட ஒரு அட்டை தருவார்கள். அதை எங்கே வைக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெட்டியின் வெளிப்புறத்தில் துப்பாக்கி இருப்பதாக எதையாவது ஒட்ட வந்தால் மறுக்கலாம், ஏனென்றால் அப்படி ஒட்டச் சொல்வதையே மத்திய சட்டம் தடுக்கிறது. திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுக்கும் வேலை அது. துப்பாக்கி கம்பெனியின் ஸ்டிக்கரை ஆசையாகப் பெட்டியில் ஒட்டிவைத்திருப்பவர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்கிறார்கள்.

தோட்டாக்கள்

உண்மையில் துப்பாக்கியைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது தோட்டாதானோ என்று தோன்றும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பது நினைவில் இருக்கும். பையின் ஓரத் தையலில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டா யாருக்கும் நினைவில் இருக்காது. கரீபியனில் உள்ள டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் 2024-ல் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் இப்படித்தான் பிடிபட்டார்கள். துப்பாக்கி யாரிடமும் இல்லை, பையில் மறந்துபோன சில தோட்டாக்கள் மட்டும். அங்கே அந்தக் குற்றத்துக்கு அப்போது குறைந்தபட்சத் தண்டனையே 12 ஆண்டுகள். கடைசியில் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீடு திரும்பினாலும், அதற்குள் வாரக்கணக்கில் தீவிலேயே அடைபட்டிருந்தார்கள். துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. வேறு வழியில்லை என்றால் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அதே பை கைப்பையாகப் போனால் கதை இன்னும் மோசம். 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதம் லோடு செய்தவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் "மறந்துட்டேன்". அபராதம் அப்போது கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போகக்கூடியதாக இருந்தது, போலீஸ் வழக்கு தனி.

எடுத்துச் செல்லும் தோட்டாக்களைப் பொறுத்தவரை, அட்டை, மரம், உலோகம் என்று அதற்கென்றே செய்த பெட்டியில் அடுக்கி செக்-இன் லக்கேஜில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கொட்டிக் கட்டுவது கூடாது. மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டை, துப்பாக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலிதான், ஆனால் நிரப்பிய மேகசின் செருகியிருக்கிறது என்றால் அது லோடு செய்த துப்பாக்கியாகவே கருதப்படும். பன்னாட்டு விமானங்களில் பொதுவாக ஒருவருக்கு 5 கிலோ, பெட்டியோடு சேர்த்து. கணவன், மனைவி இருவரின் பங்கையும் ஒரே பெட்டியில் சேர்த்து 10 கிலோவாகக் கொண்டுபோக முடியாது. வெடிமருந்துத் தூளும், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் எந்த லக்கேஜிலும் ஏறாது.

இறங்கிய பிறகு

2017 ஜனவரி 6 அன்று ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் ஒருவன் முறைப்படி ஒப்படைத்த தன் பெட்டியை வாங்கி, கழிப்பறையில் துப்பாக்கியை லோடு செய்துகொண்டு வந்து, லக்கேஜ் வரும் கூடத்தில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு சில நிறுவனங்கள் துப்பாக்கி உள்ள பெட்டியை பெல்ட்டில் விடாமல், அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துக் கொடுக்கின்றன. உங்கள் நிறுவனம் எப்படி என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டில் வரும் என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். கையில் வந்ததும் பூட்டையும் மூலைகளையும் பாருங்கள், ஆனால் அங்கேயே திறக்காதீர்கள். பூட்டு உடைந்திருந்தால் கூடத்தை விட்டு வெளியேறும் முன் நிறுவனத்திலும் போலீஸிலும் புகார் கொடுங்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணைப் போனில் படமெடுத்து வைக்காதவர்கள் அங்கே விழிப்பார்கள்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் இந்தச் சலுகை எதையும் எதிர்பார்க்காதீர்கள். கைத்துப்பாக்கியைப் பிரிட்டன் பெரும்பாலும் தடைசெய்திருக்கிறது. அங்கே வேட்டைத் துப்பாக்கி கொண்டுபோக வேண்டுமானாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் முன்கூட்டியே உங்களுக்காக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறங்கும் நாட்டின் அனுமதி மட்டும் இருந்தால் போதாது, நடுவில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள் கடைசி நேரத்தில் மறப்பது 4457 என்ற சுங்கப் படிவம். இந்தத் துப்பாக்கி ஏற்கெனவே என்னுடையது, வெளிநாட்டில் வாங்கியதில்லை என்று திரும்பி வரும்போது காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். துப்பாக்கியை நேரில் காட்டிச் சுங்க அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கிளம்பும் நாள் காலையில் நினைத்துக்கொண்டு ஓடினால் நடக்காது, முந்தைய வாரமே போய்விடுங்கள்.