வாய் எங்க, ஆசனவாய் எங்கன்னு பாக்காம கடல் முள்ளெலிக்குப் பேர் வைக்காதீங்க

2020 அக்டோபர்ல பெரம்பலூர் பக்கம் குன்னம் ஏரியில உருண்டை உருண்டையா கல்லு கிடைச்சதும் டைனோசர் முட்டைன்னு வாட்ஸாப் முழுக்க ஓடுச்சு ஞாபகம் இருக்கா? கடைசில பாத்தா அது முட்டையே இல்ல, ஆமோனைட்ங்கிற, சுருள் ஓடு போட்ட அழிஞ்சுபோன கடல் ஜீவனைச் சுத்தி மண்ணு கெட்டிப்பட்டு உருவான கல்லு. அதே கதை சின்ன சைஸ்ல அடிக்கடி நடக்குது. மேல அஞ்சு இதழ் பூ செதுக்கின மாதிரி ஒரு கல்லை யாராவது போட்டோ போடுவாங்க, உடனே "நட்சத்திர மீன் கல்லாயிடுச்சு"ன்னு ஒருத்தர், "பூ கல்லாயிடுச்சு"ன்னு இன்னொருத்தர், "கோயில் வேலைப்பாடு"ன்னு மூணாவது ஆளு. மூணுமே இல்லீங்க. அது கடல் முள்ளெலி, சீ அர்ச்சின்னு சொல்றோமே அதோட ஓடு, முள்ளெல்லாம் உதிர்ந்து போனது. அந்த அஞ்சு இதழும் சும்மா டிசைன் கிடையாது, உத்துப் பாத்தா வரிசையா குட்டிக் குட்டி ஓட்டை தெரியும், அது வழியாத்தான் மூச்சு விடுறதுக்கான மெல்லிசான குழாய்க்கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

இந்தப் பூ போட்ட கூட்டத்துக்கு இங்கிலீஷ்ல "இர்ரெகுலர்"னு பேரு, அதைத் தமிழ்ல "ஒழுங்கற்ற"ன்னு அப்படியே மாத்தினதுலயே பாதிக் குழப்பம் ஆரம்பிச்சிடுது. படிக்கிறவங்க ஏதோ கோணல்மாணலா, ஊனமா பொறந்த ஜந்துன்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. சாதாரண முள்ளெலி, அதாவது "ரெகுலர்", பந்து மாதிரி, வாய் அடியில நடுவுல, ஆசனவாய் உச்சந்தலையில நடுவுல, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், அதுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. பாறையில ஒட்டிக்கிட்டு பாசியைச் சுரண்டித் திங்கிறதுக்கு அது போதும். ஆனா ஜுராசிக் காலத்தோட ஆரம்பத்துல, ஏறக்குறைய 19 கோடி வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கிளை பாறையை விட்டுட்டு மணலுக்கும் சேத்துக்கும் இறங்குச்சு, மண்ணைத் தின்னுக்கிட்டே ஒரே திசையில நகரணும்னா முன்பக்கம் பின்பக்கம் வேணும்ல, அப்போ உச்சந்தலையில இருந்த ஆசனவாய் அந்த இடத்தை விட்டு நகர்ந்து பின்பக்கமா போயிடுச்சு. தன் கழிவு தன் தலையிலேயே விழாம இருக்க நல்ல ஏற்பாடுதான். அந்த நகர்வுதான் "இர்ரெகுலர்". இதய வடிவத்துல இருக்கிற ஹார்ட் அர்ச்சின், நாணயம் மாதிரி தட்டையான சேண்ட் டாலர் எல்லாம் இந்த வகையறா.

அதனால எந்த ஓடு கைக்கு வந்தாலும் முதல்ல திருப்பிப் பாருங்க. நிறைய பேர் மேல இருக்கிற பூவை மட்டும் போட்டோ எடுத்து "இது என்ன இனம்"னு கேக்குறாங்க. அடிப்பக்கமும் பின்பக்கமும் இல்லாம பதில் சொல்றது, முதுகை மட்டும் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான். வாய் நடுவுல இருக்கா முன்னாடி தள்ளி இருக்கா, உள்ள பல்லு இருக்கா இல்லையா? சேண்ட் டாலருக்கு அரிஸ்டாட்டில் விளக்குன்னு சொல்ற அந்தத் தாடைப் பொறி இருக்கும். ஹார்ட் அர்ச்சினுக்குப் பல்லே கிடையாது, சேத்தை அப்படியே விழுங்கிடும். இன்னொண்ணு, டைனோசர் காலத்துப் பாறையில எடுத்த எதையாவது சேண்ட் டாலர்னு சொல்லி யாராவது விக்க வந்தா சந்தேகப்படுங்க, சேண்ட் டாலர் ஃபாசில் எல்லாம் டைனோசர் போனதுக்கு அப்புறம்தான் கிடைக்க ஆரம்பிக்குது, அதுவும் அலையடிக்கிற ஓரத்துல வாழ்ற கூட்டம், ஆழ்கடல் சங்கதியே இல்ல.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமான தப்பு, படிச்சவங்களே பண்றது. இதயம் மாதிரி இருந்தா எல்லாம் ஒரே குடும்பம்னு நினைக்கிறது. இதய வடிவம் ரெண்டு கூட்டத்துல இருக்கு, ஸ்பாட்டாங்காய்டு ஒண்ணு, ஹோலாஸ்டராய்டு இன்னொண்ணு. வெளித்தோற்றத்தை வச்சு சத்தியமா பிரிக்க முடியாது. அடியில வாய்க்குப் பின்னாடி இருக்கிற தட்டு வரிசையைப் பாக்கணும், ஸ்பாட்டாங்காய்டுக்கு அங்க ரெண்டு பெரிய தட்டு ஜோடியா பக்கத்துப் பக்கத்துல நிக்கும், ஹோலாஸ்டராய்டுக்கு ஒரு தட்டுதான் நேரா பின்னாடி வரும். உச்சியில பாத்தா ஹோலாஸ்டராய்டோட நடுத் தட்டுக் கூட்டம் நீளவாக்கில இழுத்து விட்ட மாதிரி இருக்கும், மத்ததுக்கு நெருக்கமா ஒரு புள்ளி மாதிரி இருக்கும். ஒரு சின்ன லென்ஸ் போதும் இதுக்கு. அப்புறம் மண்ணு அமுக்கி நசுங்கின ஓட்டை "தட்டையான புது இனம்"னு சொல்லிடாதீங்க, விரிசல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும் அது பொறவியா நசுங்கலான்னு.

இந்த மாதிரி நுணுக்கம் எவ்வளவு தூரம் உதவும்னா, இங்கிலாந்துல மார்கேட்ங்கிற ஊர்ல ஆர்தர் ரோன்னு ஒரு டாக்டர், வைத்தியம் பாக்குற டாக்டர்தான், சாக்பீஸ் மாதிரி வெள்ளையா இருக்கிற அந்தச் சுண்ணப்பாறைல மைக்ராஸ்டர்ங்கிற ஹார்ட் அர்ச்சினை அடுக்கு அடுக்கா சேத்து வச்சு, மேல வர வர வாயோட இடம், உதடு, இதழோட ஆழம் எல்லாம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா மாறுதுன்னு 1899ல எழுதினாரு. ஓட்டைப் பாத்தே எந்த அடுக்குன்னு சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. எந்த அடுக்குல எடுத்தோம்னு குறிச்சு வைக்காம இருந்திருந்தா அத்தனையும் வெறும் கல்லுதான்.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். "இந்த இனம் இன்னைக்கு ஆழ்கடல்ல வாழுது, அதோட சொந்தக்காரன் இந்தப் பாறையில இருக்கு, அப்போ இந்தப் பாறை ஆழ்கடல்." கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. ஹோலாஸ்டராய்டு கூட்டத்தையே எடுத்துக்குங்க. இன்னைக்கு மிச்சம் இருக்கிறதுல கிட்டத்தட்ட எல்லாமே ஆழத்துலதான், வெளிச்சமே எட்டாத சேத்துல. ஆனா டைனோசர் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துல எக்கினோகோரிஸ் மாதிரி கைமுஷ்டி சைஸ் ஹோலாஸ்டராய்டு ஐரோப்பாவோட வெள்ளைப் பாறைல குவிஞ்சு கிடக்கு, அந்தக் கடல் கண்டத்து மேல ஏறி நின்ன கடல், நாலாயிரம் அஞ்சாயிரம் மீட்டர் பள்ளம் எல்லாம் இல்ல.

இந்தத் தப்பை சின்ன ஆளுங்க மட்டும் பண்ணல. வைவில் தாம்சன், பின்னாடி சேலஞ்சர் கப்பல் பயணத்துக்கே தலைமை தாங்கின விஞ்ஞானி, அவரு 1869ல போர்க்குப்பைன் கப்பல்ல வலை போட்டப்ப ஆழ்கடல் சேறு வெள்ளைப் பாறை மாதிரியே இருக்கேன்னு பாத்து, நாம இன்னும் கிரெட்டேசியஸ் காலத்துலதான் வாழ்றோம்னு சொல்ற அளவுக்குப் போயிட்டாரு. அதே பயணத்துல கால்வேரியான்னு ஒரு சிவப்பு முள்ளெலி வந்துச்சு, ஓடு கெட்டியா இல்லாம தோல் பை மாதிரி தளதளன்னு, டெக்ல போட்டதும் மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்குச்சாம். வெள்ளைப் பாறைல கிடைச்ச ஒரு ஃபாசிலோட ரொம்ப ஒத்துப்போனதும் அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடிடுச்சு. (இந்தப் பை முள்ளெலியை இர்ரெகுலர் லிஸ்ட்ல சேக்குறவங்க இருக்காங்க, பாக்க விசித்திரமா இருக்கிறதால. அது ரெகுலர்தான், ஆசனவாய் உச்சியிலயே இருக்கு. முதல்ல சொன்ன டெஸ்ட்டைப் போடுங்க.)

சேலஞ்சர் 1872ல இருந்து 1876 வரைக்கும் சுத்திட்டு வந்தப்ப நிறைய இர்ரெகுலர் முள்ளெலி கொண்டு வந்துச்சு, கப்பல் கேப்டன் நேர்ஸ் பேர்ல யுரெக்கினஸ் நரேசியானஸ்னு ஒண்ணு கூட இருக்கு. ஆனா என்னோட ஃபேவரிட் அதுக்கு முன்னாடியே அலெக்சாண்டர் அகாசி 1869ல பேர் வச்ச பூர்தலேசியாதான். ஃபோட்டோ பாத்தா முள்ளெலின்னு சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்ப மாட்டீங்க, கண்ணாடி பாட்டில் மாதிரி நீளமா, ஓடு முட்டை ஓட்டை விட மெல்லிசா, வாய் ஒரு முனையில குழிக்குள்ள. இதைப் போய் "வாழும் ஃபாசில்"னு எழுதுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல். பழைய ஹோலாஸ்டராய்டு கூட்டத்தைச் சேர்ந்ததுங்கிறது உண்மை, ஆனா உடம்பு கிரெட்டேசியஸ் சொந்தக்காரனை விட எங்கேயோ மாறிப் போயிருக்கு, அடிப்பக்கத் தட்டு வரிசையே துண்டுபட்டு இடம் மாறிக் கிடக்கு. கொள்ளுத்தாத்தா பேர் இருக்கிறதால பேரன் கொள்ளுத்தாத்தா ஆயிடுவானா?

அப்போ முள்ளெலி எப்பத்தான் ஆழத்துக்குப் போச்சு? "கரையோரத்துல போட்டி தாங்காம ஆழத்துக்கு விரட்டப்பட்டுச்சு"ன்னு ஒத்தை வரில முடிக்கிறது அடுத்த தப்பு. 2005ல ஆண்ட்ரூ ஸ்மித்தும் ஸ்டாக்லியும் குடும்ப மரத்தை வச்சுக் கணக்குப் போட்டாங்க, எதையும் திங்கிற கூட்டம் 20 கோடி வருஷமா சொட்டு சொட்டா இறங்கிருக்கு, ஆனா சேத்தை மட்டுமே தின்னு வாழ்ற கூட்டத்துல பெரும்பாலானது 7.5 கோடில இருந்து 5.5 கோடி வருஷத்துக்கு நடுவுல தனித்தனியா இறங்கிருக்குன்னு சொன்னாங்க, மேல இருந்து விழுற சாப்பாடு கூடினதோட அது பொருந்துதுன்னும் சொன்னாங்க. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா, 2012ல பென் தூய் குழு அட்லாண்டிக்ல துளை போட்டு எடுத்த மண்ணுல 11.4 கோடி வருஷத்துக்கு முந்தின ஆழ்கடல் முட்தோலிகளை (முள்ளெலி, நட்சத்திர மீன் எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டம்) காட்டினாங்க. 2023ல ஃபிராங்க் வீஸ குழு பல சமுத்திரத்து மண்ணுல இருந்து பொறுக்கின குட்டி முள்ளுகளை மட்டும் வச்சே 10.4 கோடி வருஷ ரெக்கார்டு போட்டாங்க, டைனோசரை முடிச்ச 6.6 கோடி வருஷத்து அடியைக் கூட தாண்டி இதுங்க கீழே இருந்துக்கிட்டே இருந்திருக்கு. அப்போ கரையில இருந்த பசங்க எல்லாம் பொட்டி கட்டிட்டு ஒரே நாள்ல கீழே போன கதை இல்ல, மேலயும் கீழயும் ஒரே சமயத்துல ரொம்ப காலம் வாழ்ந்திருக்கு, மேல இருந்த கிளை போயிடுச்சு, கீழ இருந்தது தங்கிடுச்சுன்னு யோசிக்கிறதுதான் இன்னும் பொருத்தம்.

"அப்படின்னா முழு ஓடு ஏன் கிடைக்கல, கிடைக்கலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?" இதுவும் தப்புதான். சமுத்திரத் தரை பழசாகப் பழசாக பூமிக்குள்ள போயிடுது, 20 கோடி வருஷத்துக்கு மேல பழைய தரை கிட்டத்தட்ட மிச்சமே இல்ல. ரொம்ப ஆழத்துல தண்ணியே சுண்ணாம்பைக் கரைச்சிடும். பூர்தலேசியா மாதிரி ஓடு வலையில மேல வரதுக்குள்ளயே நொறுங்குது. துளைக் குழாயோ அகலம் ஆறேழு சென்டிமீட்டர்தான், அதுக்குள்ள ஒரு முழு முள்ளெலி மாட்டணும்னா லாட்டரி அடிக்கணும். முள்ளு அப்படி இல்ல, ஒரு ஓட்டுல ஆயிரக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணும் கால்சைட்ங்கிற சுண்ணாம்போட தனித்தனி படிகம், அதனாலதான் ஒரு ஸ்பூன் மண்ணுல கூட சிக்குது.

கால்சைட்னு சொன்னதும் இதையும் சொல்லிடுறேன். வினிகர்லயோ ஆசிட்லயோ போட்டுக் கழுவாதீங்க! சங்கு பளபளக்கிற மாதிரி இது பளபளக்காது, நுரைச்சுக்கிட்டே கரைஞ்சிடும், நீங்க பாக்க வேண்டிய தட்டு எல்லைக்கோடு எல்லாம் அதுலயே போயிடும். பழைய டூத் பிரஷ்ஷும் தண்ணியும் போதும், மண்ணு ரொம்பப் பிடிச்சிருந்தா ஊசியால மெதுவா. சிக்கிமுக்கிக் கல்லா மாறினதுன்னா ஆசிட் ஒண்ணும் பண்ணாது, ஆனா அதுல வேற சிக்கல். இங்கிலாந்துல டன்ஸ்டபிள் பக்கம் வெண்கலக் காலத்துக் கல்லறை ஒண்ணுல தாயும் பிள்ளையுமா ரெண்டு எலும்புக்கூட்டோட 200க்கும் மேல முள்ளெலி ஃபாசில் கிடைச்சுச்சு, அவ்வளவு ஆசையா சேத்து வச்சிருக்காங்க, அங்க கிடைக்கிற இந்த மாதிரி சிக்கிமுக்கி உருண்டை பல சமயம் ஓடே இல்ல, ஓட்டுக்குள்ள கெட்டிப்பட்ட அச்சு. இட்லிக்குழி இல்ல, இட்லி. அதுல வெளிப்பக்க முள்ளு குமிழைத் தேடி "இந்த இனத்துக்கு முள்ளே இல்ல"ன்னு எழுதினா சிரிப்பாங்க.

நம்ம ஊர் விஷயமும் ஒண்ணு. அரியலூர்ல சிமென்ட்டுக்கு வெட்டுற கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுல முள்ளெலி நல்லா கிடைக்கும், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846லயே தென்னிந்திய ஃபாசில் பத்தி எழுதிட்டாரு, ஸ்டோலிச்காங்கிற ஃபாசில் ஆராய்ச்சியாளர் 1873ல இங்கத்து முட்தோலிகளுக்குன்னே தனியா ஒரு தொகுதி போட்டாரு. அங்க கிடைக்கிற ஸ்டிக்மாடோபைகஸ் மாதிரி மேடு தட்டின இர்ரெகுலர் முள்ளெலியைக் காட்டி "அரியலூர் ஆழ்கடலா இருந்துச்சு"ன்னு சொல்லாதீங்க. கூடவே கெட்டியான சிப்பி மூட்டை மூட்டையா கிடக்கு பாருங்க, ஆழம் குறைஞ்ச கடல் அது. முள்ளெலியை மட்டும் தனியா கேட்டா அது ஆழம் சொல்லாது, பக்கத்துல என்ன கிடக்குன்னும் கேக்கணும்.

கடைசியா, ஓடே இல்லாம தடம் மட்டும் கிடைக்கும். மணற்பாறை மேல விரல் அகலத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு போற பட்டை, நடுவுல ரெண்டு கோடு ஓடும். அதைப் பாத்து புழு, நத்தைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஸ்கோலிசியான்னு அந்தத் தடத்துக்குப் பேரு, சேத்துக்குள்ள நகர்ந்த ஹார்ட் அர்ச்சின் கழிவுத் தண்ணி போறதுக்குப் பின்னாடி ரெண்டு கால்வாய் விட்டுக்கிட்டே போனதோட அடையாளம் அது. இன்னைக்கும் கலிஃபோர்னியா கரைக்கு வெளிய ஸ்டேஷன் எம்ங்கிற இடத்துல, சுமார் 4000 மீட்டர் ஆழத்துல, விட்டு விட்டு போட்டோ எடுக்கிற கேமரால எக்கினோக்ரெப்பிஸ்ங்கிற முள்ளெலி சேத்து மேல உழுதுக்கிட்டு மெதுவா போறது தெரியும், பின்னாடி நீளமா ஒரு தடம் விட்டுட்டு.