மூடுலில் இருக்கும் மாணவர் பங்கேற்பை சி.ஆர்.எம்.முக்குக் கொண்டுபோவது எப்படி?

பல கல்லூரிகளில் மாணவரைப் பற்றிய தகவல் இரண்டு இடங்களில் கிடக்கிறது. அட்மிஷன் விசாரணையில் தொடங்கி அப்பாவின் போன் நம்பர், விடுதி, கட்டண பாக்கி வரை சி.ஆர்.எம். என்னும் தொடர்பு மேலாண்மை மென்பொருளில் இருக்கும். பாடத்தைத் திறந்தாரா, அசைன்மென்ட் சமர்ப்பித்தாரா என்பதெல்லாம் மூடுல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இருக்கும். இரண்டு வாரமாக எட்டிப் பார்க்காத மாணவர் யார் என்பது மூடுலுக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் போன் போட வேண்டிய கிளாஸ் அட்வைசர் காலையில் திறப்பது சி.ஆர்.எம். திரையைத்தான். நடுவில் பாலம் இல்லாததால், செமஸ்டர் முடிவில் அரியர் வந்த பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் தெரிகிறது.

அந்தப் பாலத்தைக் கட்டுவதுதான் இந்தப் பதிவு. மூடுலிலிருந்து சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம்.முக்குப் போகப் போகிறோம். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூடுல் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, இரண்டு பக்கமும் அட்மின் அனுமதி, பதிவுகளை மொத்தமாக ஏற்றுவதற்குச் சேல்ஸ்ஃபோர்ஸ் தரும் டேட்டா லோடர் மென்பொருள், இவ்வளவு போதும்.

படி 1: எதை அனுப்புவது?

மூடுலின் லாக், ஒவ்வொரு கிளிக்கையும் ஒரு வரியாக எழுதிவைக்கும். அதை அப்படியே சி.ஆர்.எம்.முக்குத் தள்ளினால் யாரும் படிக்கப் போவதில்லை. இடம்தான் அடைபடும். முதல் முறைக்கு இரண்டே பத்திகள் எடுத்துக்கொள்ளுங்கள்: மாணவரின் அடையாள எண், அவர் கடைசியாக மூடுலுக்கு வந்த தேதி. இது ஒழுங்காக ஓடிய பிறகு அசைன்மென்ட், குவிஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

படி 2: எந்த எண்ணை வைத்துப் பொருத்துவது?

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூடுலில் இருப்பவரும் சி.ஆர்.எம்.மில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

ஈமெயில் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஈமெயிலை வைத்துப் பொருத்தியபோது, பல மாணவர்களுக்கு ஒரே முகவரி வந்து நின்றது. தேடிப் பார்த்தால், அது விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டரின் முகவரி. வீட்டில் யாருக்கும் மெயில் இல்லாததால் சென்டர்காரர் தன்னுடையதைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அப்படியே விட்டிருந்தால், ஒழுங்காகப் படிக்கிற பெண்ணின் வீட்டுக்கு 'உங்கள் மகள் பாடமே திறப்பதில்லை' என்று போன் போயிருக்கும். அந்த வீட்டில் அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது.

பல்கலைக்கழகப் பதிவெண் நல்லதுதான். ஆனால் முதலாண்டு மாணவர்களுக்கு அது உடனே கையில் வராது, சேர்ந்து கொஞ்ச நாள் ஆகும். அந்த ஆரம்ப வாரங்களில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் சேரும் நாளிலேயே கல்லூரி கொடுக்கும் சேர்க்கை எண்ணைச் சாவியாக வையுங்கள். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டுக்கு வரும் டிப்ளமோ மாணவர்களுக்கும் அந்த எண் இருக்கும்.

மூடுலில் ஒவ்வொரு பயனரின் புரொஃபைலிலும் 'ஐ.டி. நம்பர்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். சேர்க்கை எண்ணை அதில் நிரப்புங்கள்.

படி 3: சேல்ஸ்ஃபோர்ஸில் இடம் தயார் செய்வது

நேரடியாக உண்மையான தளத்தில் கை வைக்காதீர்கள், முதலில் சாண்ட்பாக்ஸில், அதாவது சோதனைக்கான நகல் தளத்தில், செய்து பாருங்கள். ஒவ்வொரு மாணவரின் பதிவும் அங்கே 'கான்டாக்ட்' எனப்படும். செட்டப், ஆப்ஜெக்ட் மேனேஜர், கான்டாக்ட், ஃபீல்ட்ஸ் என்ற வழியில் போய் இரண்டு புதிய ஃபீல்டுகளை (தகவல் கட்டங்களை) உருவாக்குங்கள். ஒன்று 'சேர்க்கை எண்'. இது எண்ணாகத் தெரிந்தாலும் வகை 'டெக்ஸ்ட்' என்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் பறிபோகும். 'எக்ஸ்டர்னல் ஐ.டி.' (வெளியிலிருந்து வரும் தகவலைப் பொருத்தும் எண்), 'யுனிக்' (இருவருக்கு ஒரே எண் வராது) இரண்டையும் டிக் செய்யுங்கள். மற்றொன்று 'மூடுல் கடைசி வருகை', வகை 'டேட்'. அப்புறம், ஏற்கெனவே இருக்கும் கான்டாக்ட்களில் சேர்க்கை எண்ணை ஒரு முறை நிரப்பிவிடுங்கள்.

படி 4: மூடுலிலிருந்து எடுப்பது

சைட் அட்மினிஸ்ட்ரேஷன், ரிப்போர்ட்ஸ், ரிப்போர்ட் பில்டர், கஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்ற வழியில் போங்கள். புதிய ரிப்போர்ட்டுக்கு மூலமாக 'யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐ.டி. நம்பர், கடைசி வருகை இரண்டு பத்திகளை மட்டும் வையுங்கள். முதல் தடவை ஒரே ஒரு துறையை மட்டும் வடிகட்டி எடுத்தால் சரிபார்ப்பது சுலபம். சி.எஸ்.வி. கோப்பாக (வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணை) இறக்கிக்கொள்ளுங்கள். ஷெட்யூல் வசதியும் அங்கேயே இருக்கிறது. வாரா வாரம் உங்கள் மெயிலுக்கே கோப்பு வந்துவிடும்.

படி 5: கோப்பைச் சுத்தம் செய்வது

சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் இரட்டை கிளிக் செய்து திறக்காதீர்கள். பன்னிரண்டு இலக்க எண் இருந்தால் அது 7.11723E+11 என்று சுருங்கிவிடும். அப்படியே சேமித்தால் கோப்பிலும் அந்தச் சுருக்கம்தான் பதிவாகும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். பல மாணவர்களின் எண் ஒன்றாகிவிடும். எக்செலில் 'டேட்டா' மெனு வழியாக இறக்குமதி செய்து, எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்த பிறகு திறங்கள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் திறக்கும்போதே இதைக் கேட்டுவிடும்.

அடுத்து தேதி. மூடுல் கிழமை, தேதி, மணி எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் சேர்த்துத் தரும். 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' மூலம் காற்புள்ளியில் பிரித்து, நடுவில் வரும் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு 2025-08-05 என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். நம் வழக்கப்படி 05/08/2025 என்று விட்டால் டேட்டா லோடர் அதை மே 8 என்று படித்துவிடும். அப்படியே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், செட்டிங்ஸில் 'யூரோப்பியன் டேட் ஃபார்மட்' என்பதை டிக் செய்ய வேண்டும்.

தகவலை டேட்டாபேஸிலிருந்து நேரடியாக எடுத்துத் தருபவர் உங்களிடம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மூடுல் உள்ளே நேரத்தை 1970 ஜனவரி 1 முதலான விநாடிக் கணக்கில் வைத்திருக்கிறது. ஒருபோதும் வராதவருக்கு 0. அதை மாற்றினால் '1970 ஜனவரி 1, காலை 5:30' என்று வந்து நிற்கும். அந்தக் கட்டங்களைக் காலியாக்கிவிடுங்கள்.

படி 6: ஏற்றுவது

டேட்டா லோடரில் 'அப்செர்ட்' தேர்வு செய்யுங்கள். எண் பொருந்தினால் பழைய பதிவைத் திருத்தும், பொருந்தாவிட்டால் புதிய பதிவை உருவாக்கும். இந்த இரண்டாவது குணம்தான் நமக்கு ஆபத்து. ஒரு எண் தவறாக இருந்தாலும் இல்லாத மாணவர் ஒருவர் முளைத்துவிடுவார். இதைத் தடுக்க எளிய வழி உண்டு. கான்டாக்ட்டுக்கு 'லாஸ்ட் நேம்' கட்டாயம். கோப்பில் பெயரே வைக்காமல் இரண்டு பத்திகளை மட்டும் ஏற்றினால், பொருந்தாத வரி புதிதாக உருவாக முடியாமல் எரர் கோப்பில் போய் விழும். அந்தக் கோப்புதான் உங்கள் வேலைப் பட்டியல். ஒவ்வொரு வரியையும் பார்த்து, எண் எங்கே பிசகியது என்று சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, 'இன்சர்ட் நல் வேல்யூஸ்' டிக் ஆகாதவரை காலிக் கட்டம் பழைய மதிப்பை அழிக்காது. அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏற்றி முடித்ததும் பத்து மாணவர்களை இரண்டு பக்கமும் திறந்து கண்ணால் ஒப்பிடுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் உள்ளே யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. தேதி ஒருநாள் தள்ளித் தெரிந்தால் டேட்டா லோடர் செட்டிங்ஸில் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

படி 7: யார் பார்க்கப் போகிறார்கள்?

வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் ஃப்ளோவில் ஒரு விதி எழுதலாம்: பத்து நாள் வராவிட்டால் கிளாஸ் அட்வைசருக்கு ஒரு டாஸ்க். ஸ்டடி லீவ், செமஸ்டர் விடுமுறை, இன்டர்ன்ஷிப் நாட்களில் அந்த விதியை நிறுத்திவையுங்கள்.

டாஸ்க்கில் என்ன எழுதுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பையன் பி.டி.எஃப். இறக்கி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், மற்றவர்கள் மூடுல் பக்கமே வராமல் படித்துக்கொண்டிருப்பார்கள். 'டீஃபால்ட்டர்' என்று எழுதாதீர்கள். 'பத்து நாளாக மூடுலுக்கு வரவில்லை, பேசிப் பார்க்கவும்' என்பது போதும். முதல் போன் மாணவருக்கே போகட்டும், வீட்டுக்கு வேண்டாம்.

ஓடவிடுவதற்கு முன் மாணவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. முதலாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் இதற்கான ஒப்புதல் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டாஸ்க்கை முடிக்கும்போது அட்வைசர் காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பிக்லிஸ்ட் (தேர்வுப் பட்டியல்) வையுங்கள்: உடல்நலம், போன் அல்லது நெட் இல்லை, பகுதிநேர வேலை, பாடம் புரியவில்லை, வேறு. அடுத்த மாதம் துறைத் தலைவரோடு உட்காரும்போது, கடைசி வருகைத் தேதியை விட இந்தப் பத்தியைத்தான் முதலில் திறப்பீர்கள்.