பாட்டுக்குரல் இல்லாத 15 நிமிடம்: ஜாஸ் ஃப்யூஷன் ஆல்பம் கேட்கப் பழகுவது எப்படி?

ஜாஸோடு ராக், ஃபங்க் இசை கலந்த ஜாஸ் ஃப்யூஷன் கேட்க உட்காரும் பலர் மூன்றாவது நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று காத்திருந்தே அலுத்துப்போகிறது. முதல் தடவை நானும் பாதியில் நிறுத்தியவன்தான். காதை எங்கே வைப்பது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

படி 1: சரியான ஆல்பத்தை எடுங்கள்

1960களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் எலெக்ட்ரிக் பியானோ, எலெக்ட்ரிக் கிடார், ராக், ஃபங்க் தாளங்கள் என்று கலக்கத் தொடங்கினார்கள். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பம் 1970இல் வந்தது. எங்கே தேடினாலும் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அடர்ந்த காடு. பழகிய பிறகு போகலாம்.

ஆரம்பிக்க என் தேர்வு, பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1973இல் வெளியிட்ட 'ஹெட் ஹன்டர்ஸ்'. மொத்தம் நான்கே உருப்படிகள், சுமார் 42 நிமிடம். முதல் உருப்படியான 'கமீலியன்' ஒன்றே 15 நிமிடத்துக்கு மேல் ஓடும். இந்தப் பாடம் முழுக்க அதை வைத்துத்தான்.

படி 2: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்

பேஸ் கிடாரின் கடைசித் தந்தி எழுப்பும் ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அந்த அடி ஒலியைத் தர முடியாது. இந்த இசைக்கு அடித்தளமே பேஸ் என்பதால், அது கேட்காவிட்டால் மேலே நடப்பது எல்லாம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண ஹெட்போன் போதும்.

படி 3: முதல் தடவை, பேஸ் மட்டும்

'கமீலியன்' தனியாக ஒரு பேஸ் வரியோடு தொடங்கும். ஆனால் அது பேஸ் கிடார் கிடையாது. ஹான்காக்கே ஏஆர்பி ஒடிஸி என்ற சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கீபோர்டு) வாசித்தது. மெழுகு பூசியது போல வழவழப்பும் கனமும் சேர்ந்த ஒலி. சுரங்கள் ஒட்டி ஒட்டி மேலேறி ஓரிடத்தில் அழுத்தமாக நிற்கும். மறுபடி ஏறி வேறோர் இடத்தில் நிற்கும். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப அதே சுற்று.

இந்தச் சுற்றை வாயால் முணுமுணுக்க வரும்வரை முதல் இரண்டு நிமிடத்தையே போட்டுக் கேளுங்கள். அவசரம் வேண்டாம். ஹார்வி மேசனின் ட்ரம்ஸ் நுழையும்போதும் முணுமுணுப்பை விடாதீர்கள். அடுத்து, கிடார் மாதிரி மேலே ஒரு வெட்டு வெட்டும் ஒலி வரும். கிடார் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்த ஆல்பத்தில் கிடார் கலைஞரே கிடையாது! பால் ஜாக்சன் பேஸ் கிடாரை மேல் ஸ்தாயியில் வாசிக்கிறார். கூடவே ஹான்காக்கின் க்ளாவினெட் என்ற கீபோர்டு. ஒவ்வொருவராக வந்து உட்கார உட்கார, அடியில் அந்தப் பேஸ் வரி அசையாமல் இருப்பது தெரியும்.

படி 4: இரண்டாம் தடவை, மெட்டும் அதை விட்டுப் போவதும்

பென்னி மாபினின் சாக்ஸஃபோன் ஒரு சிறு மெட்டை வாசிக்கும். பல்லவி மாதிரி அதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் ஹான்காக் சிந்தசைசரில் தனியாக வாசிக்கப் புறப்படுவார். புதியவர்கள் வழி தவறும் இடம் இதுதான். தவறினால் பதறாமல் பேஸைத் தேடிப் போங்கள். கீழே ஓடுவது இரண்டே கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). அந்த இரண்டுக்கு மேலே சுரத்தை வளைக்கிறார், ஒன்றையே பிடித்து இழுக்கிறார், சட்டென்று தாளத்துக்குக் குறுக்கே போகிறார். அடித்தளம் காதில் இருந்தால்தான் இந்தக் குறும்பெல்லாம் குறும்பாகத் தெரியும்.

ஏறக்குறைய பாதி வழியில் மொத்தமும் மாறும். பழைய பேஸ் வரி போய்ப் புது வரி வரும். சிந்தசைசரில் வயலின்கள் போன்ற ஒலி விரிய, ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ மணி மணியாக உதிரும். வெயிலில் நடந்து நிழலுக்குள் வந்த மாதிரி இருக்கும். முதல் பேஸ் வரி கடைசியில் திரும்பி வரும்போது உங்கள் முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்தால், கேட்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 5: மூன்றாம் தடவை, தனியாக வாசிக்காதவர்கள்

ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ட்ரம்ஸ் எங்கே கூடுதலாக ஓர் அடி வைக்கிறது, எங்கே ஒதுங்கிக்கொள்கிறது? ஜாஸ் என்பது உரையாடல். பதில் சொல்பவர்களைக் கவனிக்கும்போதுதான் அது புரியும்.

படி 6: இன்றைய ஆல்பம் ஒன்று

இப்போது ஸ்னார்க்கி பப்பி குழுவின் 'வி லைக் இட் ஹியர்' (2014). நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஸ்டூடியோவில், பார்வையாளர்களைக் குழுவுக்கு நடுவிலேயே உட்காரவைத்து, அவர்கள் காதிலும் ஹெட்போன் மாட்டி, நேரடியாகப் பதிவு செய்தது. அதில் 'லிங்கஸ்' உருப்படியை எடுங்கள். ஆரம்பப் பகுதி ஐந்து எண்ணிக்கையில் போகும். ஒன்று இரண்டு என்று எண்ணித் தடுமாறுவதைவிட "தகதகிட" என்று சொல்லித் தொடையில் தட்டுங்கள், நாக்கே கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

இதை வீடியோவாகவே பாருங்கள். நடுவில் கோரி ஹென்றியின் கீபோர்டு தனி வாசிப்பு வரும். இரண்டு நிமிடம் கழித்து அவர் விரல்களை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் சக கலைஞர்களின் முகங்களைப் பாருங்கள். அடுத்து என்ன கார்டு வரப்போகிறது என்று அவர்களுக்கே தெரியாமல் வியந்து நிற்கிறார்கள்.